கூட்டேரிப்பட்டில் நிற்கும் வண்டி

எனக்கு முன்கோபம் என்பது திண்டிவனத்தில் என்னிடம் கணக்குப் படித்த அப்பன்களுக்கும் தெரியும், அவர்களுடைய பிள்ளைகளுக்கும் தெரியும். கோபத்தையாவது மன்னித்துவிடலாம். கோபப்பட்டு முடித்த பிறகு, நான் கோபப்பட்டது சரிதான் என்று படிப்படியாக நிரூபித்து, கடைசியில் ஓர் ‘ஆகவே’ போட்டு முடிப்பேன் பாருங்கள், அதுதான் என்னிடம் உள்ள கெட்ட குணம். இந்த ஜீப் விஷயத்திலும் அப்படித்தான் ஓர் ‘ஆகவே’ போட்டேன்.

ஜீப்பை நான் பார்த்தது கெடார் பக்கம் ஒரு செங்கல் சூளையில். சூளைக்காரர் அதில் கோழி அடைத்து வைத்திருந்தார். தரைத் தகடு மக்கிப்போய், அந்த ஓட்டை வழியாக ஓர் ஆமணக்குச் செடி முளைத்து ஸ்டியரிங் உயரத்துக்கு வந்திருந்தது. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி, சேற்றிலும் மணலிலும் போகும் என்று சூளைக்காரர் பெருமையாகச் சொன்னார். கணக்கு வாத்தியார் எந்தச் சேற்றுக்குப் போகப் போகிறார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்னிடம் பதில் இல்லை. இருபது வயதில் தொடங்கிய ஆசை, ஐம்பத்து நான்கு வரை காத்திருந்தது, அவ்வளவுதான்.

டிராக்டரில் கட்டி இழுத்து வந்து வீட்டு முன்னால் தகரக் கொட்டகையில் நிறுத்தினேன். என் மனைவி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். வீட்டில் ஏற்கெனவே ஒரு பழைய வண்டி ஓடாமல் சத்தம் மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறதே, அது போதாதா என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

வேலைக்கு ஆள் தேடியபோது உதிரிபாகக் கடைக்காரர் ஒருவரைச் சொன்னார். கோட்டக்குப்பத்துக்காரர், என் வயதுதான் இருக்கும், சற்றுக் குறைவாகவும் இருக்கலாம். வளைகுடாவில் ஒரு பட்டறையில் பன்னிரண்டு வருஷம் பாலைவன வண்டிகளைப் பிரித்துக் கட்டியவர். ஊரோடு இருந்துவிடலாம் என்று திரும்பி வந்துவிட்டார். பட்டறை எதுவும் இல்லை. ஸ்கூட்டரில் கருவிப் பையை வைத்துக்கொண்டு, பழைய ஜீப்போ டிராக்டரோ எந்த வீட்டில் நிற்கிறதோ அந்த வீட்டுக்கே போய் வேலை செய்வார். எல்லோரையும் போல நானும் அவரைப் பாய் என்று கூப்பிட்டேன். அவர் என்னை சார் என்றார்.

ஒன்றரை வருஷம் ஞாயிற்றுக்கிழமைதோறும் பாய் வந்தார். நான் துருவைச் சுரண்டினேன், அவர் தகட்டை வெட்டி ஒட்டவைத்தார். சக்கரத்துக்கு மேல் இருக்கும் வில் பட்டைகளைக் கழற்றி, ஒவ்வொன்றாகத் தேய்த்து, பழைய ஆயிலில் ஊறப்போட்டோம். முன்சக்கரங்களை இழுக்கவைக்கும் சின்ன லிவர் இறுகிப்போய்க் கிடந்தது. நான் சுத்தியலை எடுத்தேன். பாய் என் கையிலிருந்து அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, நான்கு ஞாயிற்றுக்கிழமை அதன் அடியில் எண்ணெய் மட்டும் விட்டார். ஐந்தாவது வாரம் இரண்டு விரலால் தள்ளினார், போனது. அன்றைக்கு என் மனைவி போட்ட டீயைக் குடித்தபடி அவர் தன்னுடைய திட்டத்தைச் சொன்னார். மரக்காணம் ரோட்டில் ஒரு கொட்டகை பார்த்து வைத்திருக்கிறார். ஒலக்கூரில் ஒரு விவசாயி தம் இரண்டு ஜீப்புகளையும் முழுசாகப் பிரித்துக் கட்டித்தரக் கேட்டிருக்கிறார். அந்த வேலை வந்துவிட்டால் அதை வைத்தே கொட்டகையைத் தொடங்கிவிடலாம். மகள் பத்தாவது படிக்கிறாள், அவள் நடக்கப் பழகியதையும் பார்க்கவில்லை, பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததையும் பார்க்கவில்லை, இனிமேலாவது வீட்டில் இருக்கவேண்டும் என்றார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது. அதையும் இங்கே எழுதிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் நான் செய்த காரியத்தைப் படிக்கும்போது யாரும் நம்பமாட்டார்கள்.

கடைசி வேலை டீசல் பம்பு. அதைப் பாய் தன் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிரித்துச் சரிசெய்து கொண்டுவந்து பொருத்தினார். கொட்டகையிலேயே இன்ஜினை ஓடவிட்டுக் கேட்டோம். சீராக ஓடியது. அந்த வாரம் ஆயுத பூஜை.

நான் அப்படி ஒன்றும் பக்திமான் இல்லை. ஆனால் ஒன்றரை வருஷம் சுரண்டிய வண்டிக்குப் பூஜை போடாமல் இருக்க முடியுமா? சந்தனம் கரைத்தேன். சாதாரணமாக வண்டிக்கு வைக்கும் பொட்டு காய்ந்து காற்றில் உதிர்ந்துவிடும். அது எனக்குப் பொறுக்கவில்லை. மைதாவைக் காய்ச்சி, அந்தப் பசையைச் சந்தனத்தோடு கலந்தேன். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. முன்பக்கம், விளக்கு, சக்கரம், ஸ்டியரிங், டீசல் டேங்க் மூடி என்று ஓரிடம் விடாமல் வைத்து, நடுவில் குங்குமம் இட்டேன். பளபளவென்று வட்டமாக இருந்த அந்த மூடியில்தான் பொட்டு மிக அழகாக அமைந்தது. பொட்டு உதிரவே இல்லை. அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் பழைய பொட்டின் மேலேயே புதுப்பொட்டு வைத்துவந்தேன்.

முதல் நெடும்பயணம் விழுப்புரத்துக்கு, மனைவியின் அண்ணன் வீட்டுக் கல்யாணம். வண்டி திண்டிவனத்தைத் தாண்டி நன்றாகப் போனது. கூட்டேரிப்பட்டு வந்ததும் இழுவை குறைந்து, இரண்டு முறை இருமி, நின்றது. இந்த வண்டியில் டீசல் அளவு காட்டும் முள் வேலை செய்வதில்லை. மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தேன். புஸ்ஸென்று ஒரு சத்தம். வெயிலில் டேங்க் சூடாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். டீசல் இருந்தது. பாய் சொல்லிக்கொடுத்திருந்தபடி பம்பில் ஒரு போல்ட்டைத் தளர்த்தி, உள்ளே மாட்டியிருந்த காற்றை வெளியேற்றினேன். வண்டி கிளம்பிவிட்டது.

திரும்பும்போது விக்கிரவாண்டி தாண்டி மறுபடி நின்றது. அடுத்த வாரம் மறுபடி கூட்டேரிப்பட்டில். இரண்டு மாதத்தில் அங்கே இருந்த டீக்கடைக்காரர், எங்கள் வண்டியைத் தூரத்தில் பார்த்ததுமே டீ போட ஆரம்பித்துவிட்டார். நான் ஒவ்வொரு தடவையும் அதையேதான் செய்தேன்: மூடியைத் திறப்பேன், குச்சி விடுவேன், மூடுவேன், காற்றை எடுப்பேன், கிளம்புவேன். பாய் இரண்டு முறை வீட்டுக்கு வந்து பார்த்தார். கொட்டகையில் அவர் முன்னால் வண்டி ஒரு மணி நேரம் ஆனாலும் நிற்காமல் ஓடியது. நான்தான் பக்கத்தில் நின்று, மூடியைத் திறந்துவைத்துக் கேனிலிருந்து டீசல் ஊற்றிக்கொண்டிருந்தேனே.

பொங்கல் கழிந்து ஒரு நாள் மச்சானையும் அவர் குடும்பத்தையும் மயிலம் கோயிலுக்கு ஏற்றிப்போனேன். சுற்றிக்கொண்டு போனதில் வழியிலேயே நின்றது. உச்சி வெயில், பட்டுப்புடவைகள், பக்கத்தில் லாரிகள். மச்சான் கீழே இறங்கி, காய்லாங்கடைக்குப் போகவேண்டியதைக் கோயிலுக்கு எடுத்துவந்தால் இப்படித்தான் என்று சொல்லிச் சிரித்தார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அங்கேயே நின்று பாய்க்கு போன் போட்டேன்.

அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார். “சார், டேங்க் மூடியத் தொறக்கும்போது புஸ்ஸுனு சத்தம் எதுனா வருதா?”

“என் டேங்க்குல என்னய்யா இருக்குது? உன் பம்புலதான் கோளாறு. நல்ல சாமான எடுத்துக்கினு பழசப் போட்டுட்டு, இப்ப என்னையே கேள்வி கேக்கறியா?” என்றேன்.

அதுவரை நான் அவரை ஒருமையில் பேசியதில்லை. “வச்சிடறேன் சார்” என்றார் பாய். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையைத் தவிர்ப்பதற்காக நான் பம்பின் பக்கம் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். வண்டியில் கடைசியாகக் கழற்றி மாட்டியது பம்பு. காற்று எடுத்தால் ஓடுகிறது. பம்பை நான் பார்க்காத இடத்தில் வைத்துப் பிரித்தது பாய். ஆகவே, நல்ல பாகத்தை எடுத்தது பாய். எவ்வளவு சுத்தமாக வந்தது பாருங்கள்.

இதை மனதுக்குள் வைத்திருந்தாலும் பரவாயில்லை. அடுத்த நாள் உதிரிபாகக் கடையில் அந்த ஒலக்கூர் விவசாயியைப் பார்த்தேன். என் வண்டி எப்படி ஓடுகிறது, பாயை நம்பி இரண்டு வண்டியையும் விடலாமா என்று கேட்டார். கடையில் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். நான் அதிகம் பேசவில்லை. சாமான் மாறிடும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன். முப்பது வருஷம் வாத்தியாராக இருந்தவன் சொன்னால் ஊரில் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. அந்த மதிப்பை அன்றைக்கு நான் அப்படிச் செலவு செய்தேன்.

பாய் அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு வரவில்லை. நான் பம்பைக் கழற்றி விழுப்புரத்தில் வேறொரு பட்டறையில் கொடுத்தேன். அவர்கள் பிரித்துப் பார்த்துவிட்டு, எல்லாமே சரியான சாமான்தான், கை வைத்த ஆள் நல்ல வேலைக்காரர் என்றார்கள். மெக்கானிக்கும் மெக்கானிக்கும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். கூட்டேரிப்பட்டில் வண்டி நின்றது.

சித்திரையில் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் இருந்த பெரியப்பா காலமானார். தொண்ணூறு தாண்டியவர், நிறைவான சாவு. வழியில் இரண்டு முறை நின்று நின்று போய்ச் சேர்ந்தோம். காடு போய்த் திரும்பிய பின் பங்காளிகள் எல்லோரும் கழனிப் பம்புசெட்டில் தலை முழுகினோம். ஆற்று மணலும் புழுதியுமாக இருந்த ஜீப்பையும் கொண்டுவந்து, பம்புசெட்டுத் தண்ணீர் கொட்டுகிற தொட்டியோரம் நிறுத்தி, கனத்த குழாயைப் பிடித்து அடித்துக் கழுவினேன். பொட்டெல்லாம் ஊறிக் கரைந்து ஓடியது. பங்காளித் தீட்டு என்பதால் பதினாறு நாள் வீட்டில் விளக்கேற்றவில்லை. வண்டிக்கும் பொட்டு வைக்கவில்லை.

அந்தப் பதினாறு நாளில் திண்டிவனத்துக்கும் பெரியப்பா ஊருக்குமாக ஐந்து முறை போய் வந்திருப்பேன். சாமான் ஏற்றினேன், சொந்தக்காரர்களை ஏற்றினேன். வண்டி ஓரிடத்திலும் நிற்கவில்லை. கூட்டேரிப்பட்டு டீக்கடைக்காரர் டம்ளரைக் கையில் வைத்தபடி எங்களைப் பார்த்து நின்றது நினைவிருக்கிறது. விழுப்புரம் பட்டறை கைவைத்தது இப்போதுதான் பிடித்திருக்கிறது என்று நானும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

கருமாதி முடிந்தது. வீட்டைக் கழுவி மனைவி விளக்கேற்றினாள். அந்த வெள்ளிக்கிழமை நான் மைதாவைக் காய்ச்சிச் சந்தனம் கலந்து, இரண்டு வாரம் விட்டுப்போனதற்கும் சேர்த்துத் தாராளமாக வைத்தேன். சனிக்கிழமை விழுப்புரத்துக்குக் கிளம்பினோம். கூட்டேரிப்பட்டில் நின்றது.

இறங்கினேன். மூடியில் கை வைத்தபோது விரலில் பொட்டு வழுவழுவென்று தட்டியது. திருகினேன். புஸ். கையை எடுக்காமல் அப்படியே நின்றேன். மூடியைக் கழற்றி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். அதன் நடுவில் குண்டூசி நுழைகிற அளவில் ஒரு துளை இருக்கவேண்டும். அதன் வழியாகத்தான் டேங்க்குக்குள் காற்று போகும். டீசல் குறையக் குறையக் காற்று உள்ளே வராவிட்டால் டேங்க் டீசலை விடாது. துரு சுரண்டும்போது அந்தத் துளையை நானே என் கையால் சுத்தம் செய்திருக்கிறேன். இப்போது அது தெரியவில்லை. அதன் மேல் சந்தனம், மைதா, குங்குமம்.

மனைவி வண்டிக்குள்ளிருந்து என்ன என்று கேட்டாள். நான் மூடியை அவளிடம் நீட்டினேன். அவள் புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை. “அந்த மனுசன் போன்ல இதத்தான கேட்டாரு” என்றாள். அவள் திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலாம்.

காற்றை எடுத்து, மூடியை இறுக்காமல் வைத்து, அங்கிருந்தே வண்டியைத் திருப்பினேன். முதலில் ஒலக்கூர். அந்த விவசாயியிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் சங்கடத்தோடு கேட்டுக்கொண்டார். இரண்டு வண்டியும் வேறொரு பட்டறையில் பிரித்துப்போட்டுக் கிடக்கின்றன, இனி என்ன செய்வது சார் என்றார். உதிரிபாகக் கடையில் போய் அன்றைக்கு எந்த இடத்தில் நின்று சொன்னேனோ அதே இடத்தில் நின்று மாற்றிச் சொன்னேன். கடைக்காரர் மட்டும்தான் இருந்தார். அன்றைக்குக் கேட்ட மற்ற ஆட்களை நான் எங்கே போய்த் தேடுவது?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கோட்டக்குப்பம் போனேன். பாய் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, கயிறு கட்டிய ஓர் அட்டைப்பெட்டியின் மேல் மார்க்கரால் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். ஊறுகாயும் மசாலாப் பொடியும் வாசனை அடித்தன. அந்த மாதிரிப் பெட்டி எதற்கு என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து, “வாங்க சார், உக்காருங்க” என்றார். நான் உட்காரவில்லை.

“பாய், தப்பு என்னுது. பம்புல ஒண்ணுமே இல்ல. நான்தான் மூடிய அடச்சி வச்சிக்கினு உங்களக் குத்தம் சொல்லிட்டேன்” என்று சொல்லி மூடியைக் கொடுத்தேன்.

அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மகளைக் கூப்பிட்டார். அவள் தன் முக்காட்டில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றிக் கொடுத்தாள். பாய் துளைக்குள் அதை விட்டுக் குத்தினார். காய்ந்த சந்தனம் ஒரு துணுக்கு அவர் உள்ளங்கையில் விழுந்தது. அதை மோந்து பார்த்தார்.

“அங்க பாலைவனத்துல மணலு அடச்சிக்கும் சார். அதான் அன்னைக்குக் கேட்டேன். இது அடைக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கோளாறின் காரணம் தெரிந்துவிட்ட திருப்திகூட அந்த முகத்தில் இருந்தது. நான் அழுதுவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

போகாதீர்கள், எல்லோரிடமும் நானே போய்ச் சொல்கிறேன், கொட்டகை போட்டுவிடலாம் என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் உள்ளிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “விசா அடிச்சி டிக்கெட்டும் வந்துடிச்சிங்க. வர்ற புதன்கிழமை.”

அவ்வளவுதான் சொன்னார். நாலு மாதமாக யாரும் வேலைக்குக் கூப்பிடாத வீட்டில் அதற்கு மேல் என்ன சொல்ல இருக்கிறது? ஏர்போர்ட்டுக்கு நான் ஒரு கார் ஏற்பாடு செய்யட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். பாய் மூடியைத் துணியில் துடைத்து என்னிடம் கொடுத்தார். “காரு வேணாம் சார். நம்ம ஜீப்லயே போவலாம். நான் கட்டின பம்பு, ஒரு வாட்டிகூட லாங் ஓட்டிப் பாக்கல.”

புதன்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். மத்தியானம் விமானம். பாய் முன்னால் என் பக்கத்தில், பின்னால் அவர் மனைவியும் மகளும் பெட்டிகளும். கடற்கரைச் சாலையில் ஏறினோம். பாய் வெளியே பார்க்கவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து இன்ஜினைக் கேட்டுக்கொண்டு வந்தார். மரக்காணத்து உப்பளங்கள் போயின. பாலாற்றுப் பாலம் போனது. பதினைந்து கிலோமீட்டரில் நிற்கும், இருபதில் நிற்கும் என்று பழகிய என் உடம்பு ஒவ்வொரு மேட்டிலும் இறுகியது. உண்மையைச் சொன்னால், எங்கேயாவது ஓரிடத்தில் நின்று தொலைக்காதா என்றுதான் எனக்கு இருந்தது. நின்றால் நேரமாகும். நேரமானால் விமானம் போய்விடும். ஐம்பத்தாறு வயது கணக்கு வாத்தியாருக்கு வரக்கூடிய நினைப்பா இது? அன்றைக்குப் பார்த்து வண்டி ஒரு முறைகூட இருமவில்லை.

ஏர்போர்ட்டில் பெட்டிகளை இறக்கிய பிறகு பாய் வண்டியைச் சுற்றிவந்து டேங்க் மூடியைத் திறந்தார். சத்தம் இல்லை. மூடினார். “பம்பு நல்லா இருக்குது சார். வருசத்துக்கு ஒரு வாட்டி ஃபில்டர மட்டும் மாத்திக்கினே இருங்க” என்றார். மகளின் தலையில் கை வைத்தார், மனைவியிடம் என்னவோ சொன்னார், பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பி வரும்போது பாயின் மகள் முன் இருக்கையில் உட்கார்ந்தாள். மகாபலிபுரம் தாண்டியதும் அவள் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

“இந்த வண்டி வழியில நின்னுடும்னு அத்தா சொல்லியிருந்தாங்களே சார்?”

முன்னால் நின்றுகொண்டிருந்தது, இப்போது சரியாகிவிட்டது என்றேன்.

“நின்னுடும்னு நெனச்சிக்கினே வந்தேன்” என்றாள்.

நான் ஓட்டிக்கொண்டே இருந்தேன். கோட்டக்குப்பம் வந்து அவர்களை வீட்டு வாசலில் இறக்கிவிடும்வரை வண்டி எங்கேயும் நிற்கவில்லை.